கேட்டை மறிக்காதீர்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சுகமா? உன் வீட்டுக்காரியின் முதுகு வலி தேவலையா? இங்கே நான் நலம், உன் அத்தான் நலம், அவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனும் நலம். நலமில்லாதது இந்தத் தெரு ஒன்றுதான்.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ "சரிக்கா, சரிக்கா" என்றபடியே வேறு வேலை பார்ப்பாய். கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தான் தீர வேண்டும்.

பெரிய சாலையை ஒருவழிப் பாதையாக்கினார்கள் அல்லவா, அன்றிலிருந்து ஊர் வண்டிகளுக்கெல்லாம் எங்கள் தெருதான் குறுக்கு வழி. போதாததற்கு மூலையில் ஒரு பல் மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். பல் வலிக்காரர்கள் காரை எங்கள் கேட்டுக்கு நேராக நிறுத்திவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்களையாவது பாவம் என்று விட்டுவிடலாம். எதிர் வீட்டு வக்கீலை என்ன சொல்வது? தன் கார் ஷெட்டை அலுவலகமாக்கிக்கொண்டு, காரைக் கொண்டுவந்து எங்கள் கேட்டின் இடது தூணை ஒட்டி நிறுத்துகிறார். ஏன் என்றால், இந்தப் பக்கம்தான் நிழல் இருக்கிறதாம். நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் அவர் காருக்குக் குடை பிடிக்கிறது.

முந்தாநாள் காலை அத்தான் வேனை வெளியே எடுக்கும்போது அந்தக் காரில் இடித்து, வேனின் பக்கக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. வக்கீல் வந்து தன் காரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடம் இருக்கே, பாத்து எடுக்கக் கூடாதா?" என்கிறார். இடமாம்!

நீ நகராட்சிச் சாலைப் பிரிவில் இருப்பவன். ஊரெல்லாம் ரோடு போடுகிறாய். அக்கா வீட்டு வாசலுக்கு ஒரு வழி சொல்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அவளுக்கு முதுகு வலி குறைந்து, என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும்.

நான் ரோடு போடுவதில்லை அக்கா, கோடு போடுகிறேன். வரைபடத்தில் நான் போடும் கோடு ரோடாக மாறுவதற்குள் நாலு மேசை தாண்ட வேண்டும். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். ஆகையால் பொறுமையாகக் கேள்.

மனு கொடுக்கும்போது "தெருவில் ஒரு காரும் நிற்கக் கூடாது" என்று எழுதிவிடாதே. இங்கே ஒரு தெருவில் அப்படிச் செய்தோம். கார்கள் போனதும் தெரு அகலமாகிவிட்டது. அகலமானதும் வண்டிக்காரர்கள் பறக்க ஆரம்பித்துவிட்டார்கள். நிற்கிற கார் தொல்லைதான், ஆனால் ஓடுகிற வண்டியை அதுதான் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. ஒவ்வொரு கேட்டுக்கும் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும், அதைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும், மீதி இடத்தில் நிற்கட்டும் என்று கேள். படம் நான் வரைந்து அனுப்புகிறேன். இதுவரை எங்கெங்கே என்னென்ன இடித்தது என்று எழுது. படத்தில் குறித்துக் காட்டினால் மனுவுக்கு பலம்.

அன்புடன்
தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம்தானே? அத்தானுக்குக் கொஞ்சம் களைப்பு, மற்றபடி நன்றாக இருக்கிறார்.

பொறுமையாக இரு என்று நீ எழுதிய அன்றுதான் நான் நகராட்சிக்குப் போயிருந்தேன். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு. அங்கே இருந்தவர் என் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு உள்ளே நடப்பதுதான் உங்கள் பிரச்சினை, கேட்டுக்கு வெளியே எல்லாம் பொது இடம் என்றார். அப்படியென்றால் வேனை மாடி வழியாக இறக்கட்டுமா என்று கேட்டேன். சிரிக்கக்கூட இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே முகமா? கோபித்துக்கொள்ளாதே, நீயும் அந்தப் பக்கம்தான்.

கேட்டாயே, எழுதுகிறேன். முதலில் கண்ணாடி. அதற்கு முன்னால், டிசம்பரில், பல் மருத்துவமனைக்கு வந்த கார் ஒன்றில் வேனின் கதவுப் பக்கம் உரசியது. போன வாரம் வக்கீல் கார் நின்றதால் ஒடித்துத் திருப்ப வேண்டி வந்து, நம் கேட் தூணிலேயே இடித்துக்கொண்டது. பிறகு எங்கள் குப்பைத் தொட்டி, நசுங்கிவிட்டது. ஒரு சைக்கிள்காரர் வேனுக்குப் பக்கத்தில் விழுந்தார். அவர் தானாகத்தான் விழுந்தார், அடி ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் காரணம் அந்த வக்கீலும் அந்தப் பல் டாக்டரும்தான் என்று சிவப்பு மையில் குறி.

வேனில் வருவதெல்லாம் மற்றவர்கள் பெற்ற பிள்ளைகள். தினமும் காலையில் வேன் தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நிற்கிறேன்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ வாசலிலேயே நிற்பதாக எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் வேறு வேலை ஓடவில்லை.

படம் வரைய உட்கார்ந்தேன். தெரு, மரம், கேட், வக்கீல் கார் எல்லாம் போட்டேன். நீ சொன்ன இடங்களைக் குறித்தேன். அக்கா, எல்லாமே வேனின் இடது பக்கம். கண்ணாடி இடது, கதவு இடது, தொட்டி இடது. அந்தத் தூணும் இடதுதான். வக்கீல் கார் நேற்று வந்தது. தூண் அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது. அத்தானுக்குத் தெரியாத தூணா அது?

போன முறை வந்தபோது நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து காபி டம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது.

நீ நாள் முழுக்கக் கண் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். நான் சொல்ல வேண்டியதில்லை. அவரை ஒரு தடவை கண் டாக்டரிடம் கூட்டிப் போ. தெருவின் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை.

உன்
தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம்.

நீ கோடு போடுகிறவன், கண் டாக்டர் இல்லை. முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிற மனுஷனைப் பற்றிப் பேசுகிறாய் என்பது நினைவிருக்கட்டும். ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்புகூட ஆனதில்லை. உன்னிடம் நியாயம் கேட்டால் நீ வக்கீலுக்கு வக்கீலாகிவிட்டாய். படம் அனுப்ப வேண்டாம்.

அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே எப்படி என்று தெரியவில்லை. போன் செய்தால் "அடுப்பில் வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். எப்போது கூப்பிட்டாலும் அடுப்பில் வேலையா? அத்தானிடம் கொடு என்றால் அவர் தூங்குகிறார் என்கிறாய்.

வேண்டாம் என்றாலும் படத்தை அனுப்பியிருக்கிறேன். இடித்த இடங்களை அதில் குறிக்கவில்லை. கேட்டுக்கு இரு பக்கமும் விட வேண்டிய இடம், கார் நிற்கலாம் என்கிற இடம், இரண்டு முனையிலும் வேகத்தடை, அவ்வளவுதான் இருக்கிறது. மனுவோடு சேர்த்துக் கொடு.

என் மேல் கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி


ஜூன் 22

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் தங்கச்சியும் நலமா? என் எழுத்து வரி மாறி மேலே கீழே போயிருக்கும், பொறுத்துக்கொள். உன் அக்கா மருந்துக் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவிலேயே கடைசி வீட்டுப் பெண் குழந்தை ஒன்று வேனில் வருகிறது. எப்போதும் அவள்தான் கடைசியாக இறங்குவாள். அன்றும் எங்கள் கேட்டுக்கு முன்னால் இறங்கினாள், கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இடது பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வண்டியை நகர்த்தினேன். பல் மருத்துவமனைக் காவலாளி ஓடிவந்து வேனின் உடம்பில் ஓங்கி ஓங்கி அடித்தார். பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தால், குழந்தை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவள் பையின் வார் சக்கரத்துக்கு அடியில். பையைக் கழற்றத் தெரியாமல் அழுகிறாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தெருவே கூடிவிட்டது. வக்கீல் கார் அன்றைக்கும் அங்கேதான் நின்றது. உன் அக்கா வெளியே வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள். நீ கேட்டிருக்க வேண்டும். அந்த மனுஷன் முகம் வெளிறிப்போய், "மன்னிச்சிருங்கம்மா, இனிமே நிறுத்தல"ன்னு கையெடுத்துக் கும்பிட்டார். உடனே காரை எடுத்துக்கொண்டுபோய் எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்து வந்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கார் அங்கே இல்லாமல் இருந்திருந்தாலும் அந்தக் குழந்தை எனக்குத் தெரிந்திருக்காது மச்சான். இடது பக்கம் ஒன்றும் இல்லை என்று நான் பார்த்தேனே, அங்கே எனக்கு எப்போதுமே ஒன்றும் இருப்பதில்லை.

ஒரு தப்பும் செய்யாத மனுஷன் எனக்காகக் கும்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் என் கண் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் காலை குழந்தையின் அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். அவர்கள் பேசியதை எழுத மாட்டேன். பேச வேண்டியதைத்தான் பேசினார்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் சொல்லியாயிற்று. வேறொரு ஓட்டுநர் வருகிறார். சாவியை உன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு முன்பே தெரியும். எனக்கும் தெரியும். ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இருந்தோம். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. நீ அவளுக்கு எழுது.

அத்தான்


ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இரண்டு பேரும் நலமா? நான் உடம்புக்கு நலம்.

எனக்கு யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை, அதனால் எல்லோர் மேலும் வைத்திருக்கிறேன். உன் மேல், நீ சொன்னது சரியாகப் போனதற்கு. அவர் மேல், எதிர் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, அப்புறம் என்னிடம் சொன்னதற்கு. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். தெருவைக் கடந்து போகத் தெரிந்தது, கூடத்தைக் கடந்து சமையலறைக்கு வரத் தெரியவில்லை. கேட்டேன். "உங்கிட்ட சொன்னா நீ என்னைக் காப்பாத்தப் பாப்பே. அவர்கிட்ட சொன்னாத்தான் சொன்னதுலேருந்து திரும்பி வர முடியாது" என்றார். அதற்குப் பிறகு நான் சமைத்தேனா, சாப்பிட்டோமா ஒன்றும் நினைவில்லை.

கண் டாக்டரைப் பார்த்தோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது. போன பார்வை வராது. சொட்டு மருந்து விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். அந்த மருந்து எங்கள் கடையில் என் கைக்கு எட்டும் அலமாரியில்தான் இருக்கிறது.

இதையும் கேள். வக்கீல் குற்றமில்லாதவர் என்று தெரிந்ததும், சரியாக இரண்டு நாள் பொறுத்து, காரைக் கொண்டுவந்து பழையபடி எங்கள் தூணை ஒட்டி நிறுத்திவிட்டார். மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் கடிதமும் உன் கடிதமும் கிடைத்தன. அடுத்த மாதம் நாங்கள் இருவரும் வருகிறோம். அவளே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஆனால் நீ சொன்னதும் தப்பில்லை. அத்தானின் கண்ணுக்கும் வக்கீலின் காருக்கும் நடுவில்தான் அந்தக் குழந்தை நின்றிருக்கிறாள். ஒன்று சரியாயிற்று. இன்னொன்று அங்கேயே நிற்கிறது. மனுவைக் கைவிடாதே.

அத்தானோடு பேசு அக்கா. சண்டையாவது போடு.

தம்பி


செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. உன் வீட்டுக்காரி வைத்துவிட்டுப் போன பூச்செடி துளிர்த்திருக்கிறது என்று அவளிடம் சொல். அத்தான் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறார்.

நீ வந்தபோது உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பாய். இளவயதில் எடுத்து அலமாரியில் போட்டிருந்த என் ஓட்டுநர் உரிமம் ஞாபகம் இருக்கிறதா? அதைப் புதுப்பித்து, பள்ளிக்கூட வேன் ஓட்டுவதற்கான தேர்வுக்கும் போனேன். முதல் தடவை பின்னால் எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்துவிட்டேன். சோதனை செய்தவர், "வீட்டுல யாரும் ஓட்டறவங்க இல்லையா?" என்று கேட்டார். இருந்தார் என்றேன். இரண்டாம் தடவை தேறிவிட்டேன். கற்றுக் கொடுத்தது அத்தான்தான். பேசாமல் எப்படிக் கற்றுக்கொள்வது? பேசிவிட்டோம்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது தம்பி. வக்கீல் கார் நிற்கும்போது கேட்டிலிருந்து எனக்கும் தெரு தெரியவில்லை. வேனின் மூக்கு ரோட்டுக்கு நடுவில் போன பிறகுதான் எதிரே வருவது தெரிகிறது. அந்தக் குறுக்கு வழி வண்டிகள் வருகிற வேகத்தில், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உன் படத்தோடு மறுபடி மனு கொடுத்திருக்கிறேன். தெருவில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மீதிப் பேர், நிறுத்த இடம் போய்விடும் என்று கதவைத் திறக்கவில்லை.

அக்கா


நவம்பர் 23

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? நாங்கள் நலம். இந்தக் கடிதத்தை நீ உன் அலுவலகத்தில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டலாம்.

நகராட்சிப் பொறியாளர் நேரிலேயே வந்தார். எங்கள் வாசலில் தெரு முழுக்கக் கூட்டம். பல் டாக்டர், வக்கீல், கையெழுத்துப் போடாதவர்கள், எல்லோரும். பொறியாளர் ஒரு காகிதத்தைப் பிரித்தார். இந்த வாசலில் நடந்தவற்றுக்குக் காரணம் ஓட்டுநரின் கண் குறை என்று எழுத்து மூலமாகவே வந்திருக்கிறது, ஆகவே தெருவில் மாற்றம் செய்ய முகாந்திரம் இல்லை என்றார். வக்கீலைப் பார்த்தேன். அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். "நான் இல்லம்மா. அவர் எங்கிட்ட நம்பிச் சொன்னது. என் வாயிலிருந்து வராது" என்றார். அப்போது பின்னாலிருந்து உன் அத்தான், "நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்றார். உண்மையை மறைத்து வாங்கும் நியாயம் வேண்டாம் என்று நினைத்தாராம். அந்த நிமிஷம் அவரை என்ன செய்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

ஆனால் வாய் திறந்தபோது வேறுதான் வந்தது. பொறியாளரிடம் சொன்னேன்: "அவருக்குக் கண்ணு தெரியலங்கறது உண்மை. அத அவரே சொல்லிட்டார், வண்டிய விட்டும் இறங்கிட்டார். இந்தத் தெரு என்னைக்காவது தன் தப்பச் சொல்லியிருக்கா? எனக்கு ரெண்டு கண்ணும் தெரியுது. வேன்ல ஏறி உக்காருங்க. எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுதான்னு சொல்லுங்க."

அவர் மாட்டேன் என்றுதான் பார்த்தார். கூட்டம் விடவில்லை. ஏறி உட்கார்ந்தார். கழுத்தை நீட்டினார், எழுந்து நின்று பார்த்தார். கேட் வரை வேனை நகர்த்தினார், அங்கேயே நிறுத்திவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு வண்டி தூணை உரசுகிற மாதிரி பறந்து போனது. அவர் இறங்கி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. "படம் யார் போட்டது?" என்று மட்டும் கேட்டார். என் தம்பி, உங்களை மாதிரி மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் என்றேன்.

அதற்கப்புறமும் எல்லாம் கேட்டபடி நடந்துவிடவில்லை. ஒவ்வொரு கேட்டுக்கும் இரண்டு பக்கம் மஞ்சள் கோடு போட்டார்கள். நீ சொன்ன அளவில் பாதிதான். கார்கள் கொஞ்ச தூரம் இந்தப் பக்கம், கொஞ்ச தூரம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி நிற்க வேண்டும். அதனால் குறுக்கு வழி வண்டிகள் வளைந்து வளைந்து போக வேண்டியிருக்கிறது, பறக்க முடிவதில்லை. பல் டாக்டர் தன் நோயாளிகளுக்கு இடமே இல்லாமல் போயிற்று என்று புலம்புகிறார். வக்கீலுக்குக் கிடைத்தது வெயில் பக்கம். காருக்கு உறை வாங்கியிருக்கிறார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதை உதறிக் காட்டுகிறார். முனைக்கு ஒன்றாக இரண்டு வேகத்தடை கேட்டோம். ஒன்றுதான் வந்தது, அதையும் என் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் கட்டில் குலுங்குகிறது. அதற்குத் தனி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன திங்கட்கிழமையிலிருந்து வேன் என்னுடையது. மருந்துக் கடைக்கு மதிய நேரம் மட்டும் போகிறேன். அந்தக் கடைசி வீட்டுக் குழந்தையின் அம்மா என்னிடம் மகளை அனுப்ப மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அன்று காலை தானே கைபிடித்துக் கூட்டிவந்து, எனக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

அன்று நான் கேட்டைத் திறந்தபோது அத்தான் சட்டை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து தூணுக்கு உள்பக்கம் நின்றார். எனக்கு வந்ததே கோபம். நீங்கள் எதற்கு இங்கே, உள்ளே போங்கள் என்றேன். அவர் நகரவில்லை.

"வலது பக்கம் எனக்கு நல்லாத் தெரியுது. அத நான் பாத்துச் சொல்றேன். நீ இடது பக்கத்த மட்டும் பாரு" என்றார்.

எனக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இடது பக்கம் பார்த்தேன், காலியாக இருந்தது. அவர் கை காட்டும் வரை காத்திருந்து, வேனை வெளியே எடுத்தேன்.

அக்கா